சுமைகூலி இல்லாத சரக்கு

ஹனோயிலிருந்து வியந்தியானுக்கு விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பணிப்பெண் தண்ணீர் கொடுத்துக் காலிக் கோப்பையைத் திரும்ப வாங்குவதற்குள் வியட்நாம் முடிந்து லாவோஸ் வந்துவிடும். பஸ்ஸில் போனால் 24 மணி நேரம். அதுவும் மலை, மழை, எல்லைச் சாவடி மூன்றும் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தால். முதுகில் பை மாட்டிக்கொண்டு தென்கிழக்காசியாவைச் சுற்றுகிறவர்கள் இந்த வழித்தடத்துக்கு எப்போதோ ‘நரகத்து பஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டு, அதிலேயே ஏறிப் போய்க்கொண்டும் இருக்கிறார்கள்.

பேக்பேக்கர் என்னும் இனத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அவர்கள் உலகத்தில் டாலர், யூரோ, டாங் எல்லாம் சில்லறை. பெரிய நோட்டு என்பது பட்ட கஷ்டம்தான். மாலையில் ஹாஸ்டலின் மொட்டை மாடியில் கூடி உட்கார்ந்ததும் கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிடும். ஒருவர் மியான்மர் ரயிலில் தன் முதுகெலும்பு இடம் மாறிய கதையை எடுத்து வைப்பார். இன்னொருவர் அதற்கு மேல், பொலிவியாவில் பஸ்ஸோடு மண்சரிவில் மாட்டியதை வைப்பார். “நான் விமானத்தில் வந்தேன், சௌகரியமாக இருந்தது” என்று எவனாவது சொல்லிவிட்டால் சபை ஒரு நிமிஷம் பேச்சற்றுப் போகும். பிறகு யாரோ ஒருவர் பெருந்தன்மையோடு வேறு விஷயத்துக்குத் தாவுவார். நம் தாத்தாக்கள் மாட்டு வண்டியில் ராத்திரி முழுக்கக் குலுங்கிக்கொண்டு போனவர்கள்தான். அதைப் பற்றி அவர்கள் இப்படிப் பெருமை பேசிக் கேட்டதில்லை. வேறு வண்டி இருந்திருந்தால் அதில் போயிருப்பார்கள்.

சபையில் எடுத்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆகவே டிக்கெட் எடுத்தேன்.

ஹனோயின் பழைய நகரத் தெருக்களில் இரண்டு கடைக்கு ஒன்று பயண ஏற்பாட்டுக் கடை. நான் நுழைந்த கடையின் சுவரில் ஒரு பஸ்ஸின் பெரிய வண்ணப்படம் தொங்கியது. அந்த பஸ்ஸை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. கடைக்காரர் இளைஞர். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லும் சுறுசுறுப்பு.

“படுக்கை?”

“இருக்கு.”

“ஏசி?”

“இருக்கு.”

“கழிப்பறை?”

“இருக்கு, இருக்கு.”

“எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?”

முதல் தடவையாக அவர் யோசித்தார். பஸ் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாளைக்கு.”

அது ஜனவரி மாதக் கடைசி. வியட்நாமியரின் சந்திரப் புத்தாண்டான தேத் நெருங்கிக்கொண்டிருந்தது. தேத் வந்தால் வட வியட்நாமில் வீட்டுக்கு வீடு இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு பீச் கிளை, கும்குவாட் என்னும் குட்டி ஆரஞ்சுச் செடி ஒன்று, இரண்டும் வேண்டும். செடியில் காய் எவ்வளவு நெருக்கமாகக் காய்த்திருக்கிறதோ அவ்வளவு செழிப்பு அந்த வீட்டுக்கு என்பது நம்பிக்கை. ஹனோய் முழுக்க மோட்டார் சைக்கிள்களின் பின்னால் ஆளுயரச் செடிகள் தொட்டியோடு உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தன. தூறலில் செடிக்கு மழைக்கோட்டு போட்டு, தான் நனைந்துகொண்டு ஓட்டியவர்களையும் பார்த்தேன். எந்த நாட்டில் எதற்கு முதல் மரியாதை என்பதை அப்போதே கவனித்து வைத்திருக்க வேண்டும்.

நகரத்துக்குத் தெற்கே இருக்கும் பஸ் நிலையத்துக்கு ஒரு வேனில் எங்களை அடைத்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். பஸ் நின்றிருந்தது. அதற்குள் ஏறிக்கொண்டிருந்தவை: பூண்டு மூட்டைகள், டைல்ஸ் பெட்டிகள், நூடுல்ஸ் அட்டைப்பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்சக்கரம் கழற்றிய ஒரு மோட்டார் சைக்கிள், தனியாக அந்த முன்சக்கரம், கட்டுக் கட்டாகப் பீச் கிளைகள். அடியில் இருக்கும் சாமான் அறை நிறைந்ததும் படுக்கைகளுக்குக் கீழே ஏற்றினார்கள். அது நிறைந்ததும் நடைபாதையில். நடைபாதை மறைந்ததும் அதற்கு மேல் இன்னொரு நடைபாதை உருவானது; டைல்ஸ் பெட்டிகளின் மேல் குனிந்து நடக்க வேண்டிய பாதை. கழிப்பறை இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அதற்குள் கூரை வரைக்கும் நூடுல்ஸ்.

ஆனால் ஏற்றிய விதம் இருக்கிறதே, அதைக் குறை சொல்ல முடியாது. விரல் நுழையும் சந்துகூட வீணாகவில்லை. 1954இல் தியன் பியன் பூ போர்முனைக்குச் சாதாரண மிதிவண்டிகளில் மூங்கிலைக் கட்டி, ஒவ்வொன்றிலும் 200 கிலோ ஏற்றி, மலை மலையாகத் தள்ளிக்கொண்டு போய் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாடு இது. அவர்களிடம் ஒரு முழு பஸ்ஸைக் கொடுத்தால் சும்மா விடுவார்களா?

வரிசையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இது சரக்கு வண்டி. சரக்கு ஏற்றியது போக இருக்கும் இடத்தில் மனிதர்களையும் ஏற்றுகிறார்கள். மனிதர்கள் சரக்கிலேயே ஒரு வகை. தானாக ஏறித் தானாக இறங்குவதால் சுமைகூலி மிச்சம்.

சரக்கு என்றால் தரம் பிரிக்காமல் இருக்க முடியுமா? முதல் தரம், மறுமுனையில் ஆள் காத்திருக்கும் சரக்கு. ஒரு டைல்ஸ் உடைந்தாலும் வியந்தியானில் ஒருவர் சட்டையைப் பிடிப்பார். அடுத்த தரம் வியட்நாம், லாவோஸ் பயணிகள். அடுத்த மாதமும் வருவார்கள்; பகைத்துக்கொள்ள முடியாது. மூன்றாம் தரம் நாங்கள். திரும்பி வரப்போவதில்லை. மறுமுனையில் எங்களை எண்ணிச் சரிபார்க்க ஒருவரும் இல்லை. போதாததற்கு, நரகம் என்று முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டு ஏறுகிறோம். அப்படி ஏறுகிறவனுக்கு வசதி செய்து கொடுத்தால் பாவம், அவன்தானே ஏமாந்துபோவான்?

படியில் ஏறும்போதே கிளீனர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். வியட்நாமின் ஸ்லீப்பர் பஸ்களில் செருப்போடு உள்ளே போகக் கூடாது. கழற்றிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அந்நாட்டோடு எனக்கு உடனடியாக உறவு ஏற்பட்டுவிட்டது. வெள்ளைக்காரர்கள் மலையேறும் பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ரப்பர் செருப்பை உதறிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

உள்ளே மூன்று வரிசைப் படுக்கைகள், மேலும் கீழுமாக. படுக்கை என்பது மரியாதைக்குச் சொல்வது. முதுகு பாதி சாய்ந்திருக்கும். கால்கள் முன்னால் இருப்பவரின் முதுகுக்கு அடியில் உள்ள ஒரு பெட்டிக்குள் போகும். அவர் கால் அவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுக்கு அடியில். இப்படி ஒருவருக்குள் ஒருவர் செருகிக்கொண்டு மொத்த பஸ்ஸும் கிடக்கும். நாற்காலிகளை ஏற்றிய அதே உத்தி. கால்பெட்டியின் நீளம் அந்த ஊர் ஆட்களை அளந்து செய்தது.

இந்த இடத்தில் என் உயரத்தைச் சொல்லியாக வேண்டும். 5 அடி 4 அங்குலம். பள்ளிக்கூடத்துப் பிரேயர் வரிசையில் முதல் ஆள். கல்யாணப் போட்டோக்களில் பூச்செடிக்கு முன்னால் நிறுத்தப்படுகிறவன். பெண் வீட்டார் இரண்டு பேர் இதே காரணத்தை வேறு காரணமாக மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 5 அடி 4 அங்குலமும் அந்தப் பெட்டிக்குள் போய் அளவெடுத்துத் தைத்த சட்டையாக உட்கார்ந்தது. எனக்கு எதிர் வரிசையில் ஒரு நெதர்லாந்துக்காரர். சராசரி உயரத்தில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நாடு. அந்த நாட்டிலும் இவர் பின்வரிசையில் நிற்கிறவராக இருக்க வேண்டும். காலைப் பெட்டிக்குள் விட்டால் முட்டி மோவாயில் இடித்தது. வெளியே விட்டால் நடைபாதையின் பூண்டு மூட்டை மேல் போய்ப் படிந்தது. பூண்டுக்குச் சொந்தக்காரர் காலை எடுக்கச் சொல்லித் தொடையில் தட்டினார். ராத்திரி முழுக்க நெதர்லாந்துக்காரர் தன் காலை வைக்க இடம் தேடிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொல்லவும் இல்லை.

எனக்குப் பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. கிளம்பும் நேரத்தில் அதற்கு உரியவர் வந்தார். உரியவர் என்றால் ஒரு கும்குவாட் செடி. பீங்கான் தொட்டி, செடியைச் சுற்றி மெல்லிய வலைத்துணி, உள்ளே நூற்றுக்கணக்கில் குட்டி ஆரஞ்சுகள். கூடவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். செடிக்குத் தனி டிக்கெட். தொட்டியைப் படுக்கையில் நிறுத்தி, வார்ப்பட்டையால் கட்டி, பஸ்காரர் கொடுத்த போர்வையை அதன் காலடியில் சுற்றி, தன் கழுத்துத் துண்டையும் எடுத்து அணைகொடுத்துவிட்டு அந்த அம்மாள் பின்னால் தன் இடத்தில் படுத்தார். எனக்குக் கொடுக்க வேண்டிய போர்வை தீர்ந்துபோயிருந்தது.

பஸ் கிளம்பியது. ஹார்னும் கிளம்பியது. வியட்நாமில் ஹார்ன் என்பது எச்சரிக்கை அல்ல, மூச்சு. எதிரே வண்டி வந்தால் ஒரு ஒலி, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு ஒலி. டிரைவர் தலைக்கு மேலே இருந்த டிவியில் நகைச்சுவை நாடகங்கள் ஓடின. ஒரு ஆண் பெண் வேஷத்தில் வருவார், இன்னொருவர் அவரிடம் அடி வாங்குவார், ஜனம் சிரிக்கும். மொழி புரியாமலே கதையை என்னால் ஊகிக்க முடிந்தது. நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த அனுபவம் எங்கே உதவுகிறது பாருங்கள்.

ராத்திரி பத்து மணி வாக்கில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். நீண்ட கொட்டகை, எஃகு மேஜைகள், ஆவி பறக்கும் அண்டாக்கள். நான் சைவம். வியட்நாமில் சைவம் கிடைக்காது என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். பௌத்த வழக்கத்தால் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் கறி மீன் தொடுவதில்லை. நம்முடைய அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு மாதிரியேதான். எனவே சைவம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சிக்கல் அதுவேதான்.

அங்கே பரிமாறிய பெண்மணியிடம் சைவம் என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் காலண்டர். அன்றைக்கு முதல் நாளும் இல்லை, பதினைந்தும் இல்லை. வெளிநாட்டுக்காரன் திதியைத் தப்பாகக் கணக்குப் போட்டு விரதம் இருக்கிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கையைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துப் போய் அன்றைய தேதியை விரலால் சுட்டி, இன்றைக்குத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஒரு மீன் துண்டைக் காட்டினார். நான் மறுத்தேன். இன்னும் பெரிய துண்டைக் காட்டினார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைசியில் ‘உன் பாவம் உன்னோடு’ என்கிற முகத்தோடு சோறும் பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரையும் வைத்தார். கீரையில் மீன் சாஸ் விட்டிருந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. சில விஷயங்களில் விசாரணை நீளக் கூடாது.

நள்ளிரவுக்கு வின் நகரம் வந்தது. ஹனோயிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இதற்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் 1890இல் ஹோ சி மின் பிறந்தார். 1911இல் ஒரு கப்பலில் சமையல் உதவியாளாக ஏறியவர் பாரிஸ், மாஸ்கோ, சீனா என்று சுற்றி 30 ஆண்டுகள் கழித்துத்தான் நாடு திரும்பினார். கையில் காசில்லை, கிடைத்த வேலை, கிடைத்த இடத்தில் படுக்கை. இன்றைய கணக்கில் மொட்டை மாடிச் சபைகள் அத்தனையிலும் அவருக்குத்தான் நடு நாற்காலி. ஆனால் அவர் திரும்பி வந்து ஒரு நாட்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் திரும்பிப் போய் பஸ் கதை சொல்கிறோம்.

வின்னைத் தாண்டியதும் பஸ் மேற்கே திரும்பி மலை ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு என் முகத்தில் ஏதோ விழுந்தது. தடவிப் பார்த்தால் கும்குவாட். ஒன்றைத் தின்றும் விட்டேன். தோலோடு தின்ன வேண்டும், தோல்தான் இனிப்பு, உள்ளே புளிப்பு. மென்று முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அந்த அம்மாள் விழித்துத்தான் இருந்தார். பழத்தை நான் திருடவில்லை, அதுவாக விழுந்தது என்பதை இருட்டில் சைகையால் விளக்குவது எளிதல்ல.

அவரே போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தார். முதல் கேள்வி, வயது. வியட்நாமில் வயது தெரியாமல் பேச்சு நகராது. எதிரில் இருப்பவரை அக்கா என்பதா, சித்தி என்பதா, தம்பி என்பதா என்று தெரிந்தால்தான் வாக்கியத்தையே தொடங்க முடியும். சொன்னேன். தம்பி ஆனேன். அவர் அக்கா ஆனார். இரண்டாவது கேள்வி, கல்யாணம் ஆயிற்றா. மூன்றாவது, சம்பளம். காரைக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நடக்கும் விசாரணையில் ஒரு கேள்விகூட இங்கே விடுபடவில்லை. அக்காவின் குடும்பம் வியந்தியானில் கடை வைத்திருக்கிறது. அங்கே வியட்நாமியர் நிறையப் பேர். ஹனோய்ச் செடி இல்லாமல் அவர்களுக்குத் தேத் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அக்காவே வந்து பார்த்துப் பொறுக்கி வாங்கிப் போவார். பழுத்தது, காய், பூ, கொழுந்து நான்கும் ஒரே செடியில் இருக்க வேண்டுமாம்.

பிறகு அக்கா கேட்டார்: “விமானம் இருக்கிறதே?”

“இருக்கிறது.”

“அதில் செடியை ஏற்ற மாட்டான். அதனால் நான் இதில் வருகிறேன். உன் செடி எங்கே?”

என்னிடம் செடி இல்லை என்றேன். அக்கா என் முதுகுப்பையைத் தூக்கிப் பார்த்தார். கனமில்லை. டைல்ஸ் எதுவும் கொண்டுபோகிறாயா என்று கேட்டார். இல்லை. வியந்தியானில் சொந்தக்காரர்கள்? இல்லை. அங்கே வேலை? இல்லை. செயலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அது தப்பாக மொழிபெயர்க்கிறதோ என்று. அதன் பிறகு எனக்கு இரண்டு பழங்களைத் தாமாகவே எடுத்துக் கொடுத்தார். வெறுங்கையோடு வந்த பிள்ளைக்குக் கொடுக்கிற தோரணை அதில் இருந்தது. மொட்டை மாடிச் சபையில் இதையெல்லாம் அனுபவம் என்று சொல்வார்கள் என்பதை நான் அக்காவிடம் விளக்கப் போகவில்லை.

விடியலுக்கு வெகு முன்பே எல்லை வந்துவிட்டது. வியட்நாம் பக்கம் கௌ த்ரேயோ, லாவோஸ் பக்கம் நாம் பாவ். ஆனால் வாசல் திறப்பது காலை 7 மணிக்கு. ஹார்ன் அடித்துத் தெருத் தெருவாக விரட்டிக்கொண்டு வந்த டிரைவர், மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்து, என்ஜினை அணைத்துவிட்டுக் குறட்டை விட்டார். எதற்கு அந்த வேகம் என்று கேட்டால் முன்னால் நிற்பதற்கு. முன்னால் நின்றால் 7 மணிக்கு முதலில் போகலாம். பின்னால் வந்து நின்ற ஐந்து பஸ்களிலும் அதே கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

மலைக் குளிர். மூடுபனியில் கை நீட்டினால் விரல் தெரியவில்லை. இது அன்னமைட் மலைத்தொடர். 1992இல் இந்த ஹா தின் மாகாணத்துக் காட்டில்தான், வேட்டைக்காரர்களின் வீட்டில் தொங்கிய கொம்புகளை வைத்து, அதுவரை அறிவியலுக்கே தெரியாத ஒரு பெரிய விலங்கைக் கண்டுபிடித்தார்கள். சவோலா என்று பெயர். மான் மாதிரித் தோற்றம், மாட்டுக் குடும்பம். கண்டுபிடித்த பிறகும் அது அகப்படவில்லை. காட்டில் தானியங்கிக் கேமராக்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பதிவாகியிருக்கிறது. 2013க்குப் பிறகு உறுதியான தடயமே இல்லை. இவ்வளவு பெரிய பிராணி ஏன் இப்படி ஒளிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் குழம்புகிறார்கள். அதன் வீட்டு வாசலில் விடிய விடிய நிற்கும் பஸ்களில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு குழப்பம் வராது.

ஏழு மணிக்குச் சாவடி திறந்தது. வியட்நாமியருக்கு லாவோஸ் போக விசா வேண்டாம். வெள்ளைக்காரர்கள், நான் எல்லாரும் அங்கேயே படிவம் எழுதி, போட்டோ ஒட்டி, நாட்டுக்கு ஒரு விலையாக டாலர் கட்டி வாங்க வேண்டியிருந்தது. நான் படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்ற கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினேன். அக்கா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதப் போகிறேன் என்று அறிய ஆவல். இதற்குள் செடி எல்லையைக் கடந்துவிட்டிருந்தது. போட்டோ இல்லை, படிவம் இல்லை, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, வலைத்துணி போட்டுக்கொண்டு.

லாவோஸுக்குள் நுழைந்ததும் ஒரு அதிசயம். ஹார்ன் நின்றுவிட்டது. அதே டிரைவர், அதே பஸ். எதிரே ஒரு எருமை நடுரோட்டில் நின்றது. டிரைவர் அது நகரும் வரைக்கும் காத்திருந்தார். வியட்நாமாக இருந்திருந்தால் அந்த எருமைக்குக் காது போயிருக்கும். சாலையில் யாருமே ஹார்ன் அடிப்பதில்லை என்பதால் இவருக்கும் அடிக்கக் கூச்சம்.

இரு புறமும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நின்றன. வெயில் பட்டதும் பனி விலகி ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அழகு என்றால் அப்படியொரு அழகு. இரண்டு ஆஸ்திரேலியர்கள் அதைப் பார்க்காமல், இதுவரை பட்ட கஷ்டத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காடுகள் வழியாகத்தான் வியட்நாம் போர்க்காலத்தில் வடக்கிலிருந்து தெற்குக்கு ஆயுதமும் அரிசியும் போயின. அதைத் தடுக்க என்று 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மேல் போட்ட குண்டு 20 லட்சம் டன்னுக்கு மேல். வெடிக்காதவை இன்னமும் வயலில் கிடக்கின்றன. இந்த மண்ணில் உட்கார்ந்து ‘போர்வை கிடைக்கவில்லை’ என்று நானும் குறிப்பெழுத வேண்டாமே என்று பேனாவை மூடிவிட்டேன்.

பஸ் நின்ற ஊர்களில் எல்லாம் பெண்கள் ஓடி வந்து ஜன்னலில் நீட்டினார்கள்: குச்சியில் கோத்துச் சுட்ட கோழி, குச்சியில் கோத்துச் சுட்ட முட்டை, மூங்கில் குழாயில் தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்த ஒட்டரிசி. மூங்கிலை உரித்து உரித்துத் தின்ன வேண்டும். நான் இரண்டு குழாய் வாங்கினேன். நெதர்லாந்துக்காரர் குழாய் வாங்கினார், கோழி வாங்கினார், முட்டை வாங்கினார். சாப்பிடும்போதாவது கையை நீட்ட ஒரு காரணம் கிடைத்ததே என்று. அதற்கு மேல் சாலை 13ஆம் எண் நெடுஞ்சாலையில் சேர்ந்தது. இடது பக்கம் மீகாங் ஆறு, அக்கரையில் தாய்லாந்து. அதன் பிறகு வெயிலும் சமதரையும்தான். எழுத ஒன்றும் இல்லை. எல்லாரும் தூங்கினோம்.

வியந்தியானின் தெற்கு பஸ் நிலையத்தில் சாயங்காலம் இறக்கினார்கள். முதல் தரச் சரக்குக்கு நடந்த வரவேற்பைப் பார்க்க வேண்டும். டைல்ஸுக்கு ஒரு லாரி. பூண்டுக்குத் தள்ளுவண்டி. நூடுல்ஸை எண்ணிப் பார்க்க மூக்குக் கண்ணாடியோடு ஒருவர். மோட்டார் சைக்கிளுக்கு அங்கேயே முன்சக்கரத்தை மாட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். கும்குவாட் செடிக்கு அக்காவின் வீட்டுக்காரர், இரண்டு மகன்கள், ஒரு மருமகள், மருமகளின் இடுப்பில் ஒரு குழந்தை. வலைத்துணியை விலக்கிப் பழங்களை எண்ணினார்கள். அக்கா திரும்பி என்னைக் காட்டி ஏதோ சொன்னார். குடும்பம் மொத்தமும் என்னைப் பார்த்தது. இரண்டா, மூன்றா என்று சந்தேகத்தோடு ஒரு மகன் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

மூன்றாம் தரச் சரக்கை டுக்டுக் ஓட்டுநர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். நகர மையம் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்போல. நெதர்லாந்துக்காரரும் நானும் ஒரே டுக்டுக்கில், ஒரே விடுதிக்கு. அங்கேயும் ஒரு மொட்டை மாடி. அங்கேயும் ஒரு சபை. குளித்துவிட்டு மேலே போய், சும்மா போகிற போக்கில் சொல்வதாக, “ஹனோயிலிருந்து பஸ்ஸில் வந்தோம்” என்றேன்.

“எத்தனை மணி நேரம்?” என்றார் ஒரு தாடிக்காரர்.

“24.”

அவர் பரிவோடு தலையை ஆட்டினார். “அதிர்ஷ்டம்தான். எனக்கு 31. மழைக்காலம். பஸ்ஸுக்குள் பன்றிக்குட்டிகள்.”

செடி என்று சொல்ல வாயெடுத்தேன். பன்றிக்குட்டிகளுக்கு முன்னால் செடி நிற்காது. பேசாமல் கீழே இறங்கி வந்து, தெற்கே பாக்சேவுக்கு ராத்திரி பஸ் இருக்கிறதா என்று விடுதிக் கவுண்டரில் கேட்டேன். இருந்தது. லாவோஸ் பஸ்ஸில் கால்பெட்டி எல்லாம் கிடையாது, தட்டையான மெத்தை, நன்றாக நீட்டிப் படுக்கலாம் என்றாள் கவுண்டர்ப் பெண்.

“ஆனா மெத்தை இரண்டு பேருக்கு. நீங்க தனியாவா?”

“தனியாத்தான்.”

“அப்போ பக்கத்தில் யார் வர்றாங்களோ அவங்க.”

எனக்குப் பின்னால் நெதர்லாந்துக்காரர் வந்து நின்று, அவருக்கும் பாக்சே என்றார். அவள் எழுந்து நின்று முதலில் அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைக் குனிந்து பார்த்தாள். மறுபடியும் அவரை. ஹனோயில் டைல்ஸ் பெட்டிக்குப் பக்கத்துச் சந்தில் பூண்டு மூட்டையைச் செருகியவர் முகத்தில் பார்த்த அதே திருப்தி அவள் முகத்திலும் வந்தது.

“சரியா அமையுது” என்று இரண்டு சீட்டிலும் ஒரே எண்ணை எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.